எடைக்குப் போட்ட டிரங்குப் பெட்டி

(கோட்டக்குப்பத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றிப் பேச வேண்டியவன் பழைய பத்திரிகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைக்காதீர்கள். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடித்தது. ஓடு பறந்து, செத்துப்போன எங்கள் அத்தையின் டிரங்குப் பெட்டி நனைந்துவிட்டது. உள்ளே கட்டுக் கட்டாக மாதர் பத்திரிகைகள். ஒன்றையாவது புரட்டிப் பார்த்தேனா? இல்லை. எடைக்குப் போட்டு, வந்த காசில் ஓடு வாங்கினேன். பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு ஓர் அட்டை மட்டும் மிஞ்சியது. ஜகன்மோகினி! மாதமும் வருஷமும் அச்சான மூலை கிழிந்திருந்தது.

அதை 1925-ல் ஏற்று நடத்தியவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் போகாதவர். அவர்தான் நாவல் எழுதினார், பத்திரிகை நடத்தினார், சுதந்திரப் போரில் சிறைக்கும் போனார். எங்கள் அத்தை அதை ஏன் சேர்த்து வைத்தாள் என்று இனி யாரைக் கேட்பது?

1905-ல் சென்னையில் பெண்களுக்கென்று வந்த 'சக்ரவர்த்தினி'க்குப் பாரதி ஆசிரியர். அவரே 1908-ல் பக்கத்துப் புதுச்சேரிக்கு வந்து 'இந்தியா'வை நடத்தினார். எல்லைக்கு இப்பால், அதாவது நாம் நிற்கும் இந்த மண்ணில், பிரிட்டிஷ் சர்க்கார் அதைத் தடை செய்தது. மாதர் பத்திரிகைகளை ஒழிக்கத் தடை தேவைப்படவில்லை. கரையானும் அடுப்பும் போதுமாயிருந்தன.

1936 ஜூலை 30-ல் புதுச்சேரி சவானா ஆலையில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் மாண்டார்கள். அவர்களை நாம் மறக்கவில்லை. அதே 1936-ல் காரைக்குடியிலிருந்து 'மாதர் மறுமணம்' என்றொரு பத்திரிகை கிளம்பியது. விதவையும் மனுஷிதான், அவளுக்கும் மறுமணம் வேண்டும் என்பதே அதன் வாதம். அதை நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

இவற்றைக் காப்பாற்றியவர்கள் பணமூட்டைகள் என்று எண்ணாதீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று சுமார் ஒரு லட்சம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. நல்லவேளை, கப்பலேற்றவில்லை, சென்னையிலேயே 1994-ல் நூலகமாயிற்று. புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி–டோரதி தம்பதி வாத்தியார் சம்பளத்தில் 'ஞானாலயா'வை உண்டாக்கினார்கள். பத்திரிகைகளின் முதல் இதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள்.

முதல் இதழ் ஏன் அகப்படுவதில்லை? அச்சானது கொஞ்சம். காகிதம் மட்டம்; அதிலுள்ள அமிலமே அதை அப்பளமாக்கிவிடும். பைண்டு செய்கிறவர் அட்டையையும் விளம்பரத்தையும் கிழித்தெறிவார். தேதி அதோடு போய்விடும். பிறகு அது எந்த வருஷத்து இதழென்று நிரூபிக்க நாய் படாத பாடு.

ஆகவே, உங்கள் பரணில் ஏதும் இருந்தால் டேப் ஒட்டாதீர்கள், வெயிலில் காயப் போடாதீர்கள். துருப்பிடித்த கம்பியைப் பிடுங்கவும் வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி வைத்து எனக்குச் சொல்லியனுப்புங்கள். போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து உங்களிடமே தருவேன். கொடுக்கச் சம்மதித்தால் நூலகத்தில் ரசீது வாங்கித் தருவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளோடு தெருவுக்கு வருகிறேன். ஆண்களிடம் கேட்கமாட்டேன், வீட்டுக் கிழவிகளைத்தான் கேட்பேன்.