மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பிரேக்



நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போனாலும் பொகவந்தலாவைக்குப் போனாலும் ஏற்றமும் இறக்கமும்தான். கொழும்புப் பயணம் என்றால் கேட்கவே வேண்டாம். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலையைத் தொடுவதற்குள் 1000 மீற்றர் அளவுக்கு இறங்கிவிடுகிறோம். ஆட்களோடு 1000 கிலோ நிறையுள்ள ஒரு மொறிஸ் மைனர் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவிடும் சக்தி, சுமார் 30 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பெரும்பாரம் பிரேக்கின் தலையில்தான்.

மைனருக்கு நாலு சில்லிலும் டிரம் பிரேக். மூடிய டிரம்முக்குள் லைனர் உரசுவதால் சூடு சீக்கிரம் வெளியேறாது. சூட்டில் டிரம் விரிய, பெடல் கீழே கீழே போகும். லைனரின் பிடிப்பும் குறையும். டிஸ்க் வெளிக்காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும்.

டிரம்மில் இன்னொரு சங்கடம், மலைநாட்டு டிரைவர்களின் காலுக்குத் தெரியும். மைனரின் முன்சில்லு ஷூ இரண்டும், கார் முன்னே ஓடும்போது தாமே இறுகிக்கொள்ளும்படி அமைந்தவை. ஏற்றத்தில் நின்ற கார் பின்னால் நழுவினால் அந்த இறுக்கம் கிடைக்காது. எவ்வளவு மிதித்தாலும் போதாதுபோல் இருக்கும்; கை ஹேண்ட்பிரேக்கைத் தேடும். டிஸ்க்குக்கு முன்னோட்டம், பின்னோட்டம் இரண்டும் ஒன்றுதான்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வந்த கார் இது. 1970களில் இறக்குமதி இறுகியபோது இங்கே பழைய காரைக் காப்பாற்றியே ஆகவேண்டியிருந்தது. 2020இல் வாகன இறக்குமதி நின்றபோதும் அதே கதை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்தார் என்றால் நம் பாஸ்மாரின் கைத்திறமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கை எந்தக் காரிலிருந்து எடுப்பது? 1971இல் வந்த மொறிஸ் மரீனாவின் முன்பக்க அமைப்பு மைனரின் வழியில் வந்தது. அதனால் மரீனாவின் டிஸ்க், கலிப்பரை மைனருக்கு ஏற்றுவது இங்கிலாந்தில் நெடுநாள் வழக்கம். நம் ஊரில் மரீனா லேசில் கிடைக்காது. கையில் அகப்பட்ட ஜப்பான் காரின் டிஸ்க்கைப் பூட்டிப் பார்க்கலாமே என்று ஆசை வரும். கலிப்பரைப் பிடிக்கத் தகடு செய்யலாம், தப்பில்லை. ஆனால் ஸ்டியரிங்கைத் தாங்கும் இரும்பை வெட்டி ஒட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

பலரும் கோட்டைவிடும் இடம் மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கித்தான் பிரேக் ஒயில் ஊற்றவேண்டும். டிரம்முக்காகக் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு அதற்குள் உண்டு. அதை அப்படியே விட்டு டிஸ்க் போட்டால், காலை எடுத்த பிறகும் பாட் உரசிக்கொண்டே இருக்கும். இறக்கத்துக்கு முன்பே சில்லு சுடும். வால்வையே எடுத்துவிட்டாலோ, சிலிண்டர் தாழ்வில் இருப்பதால் கலிப்பரிலிருந்து ஒயில் பின்வாங்கும். டிஸ்க்குக்கென்றே குறைந்த அழுத்த வால்வு போடவேண்டும். கால் பலமும் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால் சிலர் சேர்வோவும் பூட்டுகிறார்கள்.

ஒயிலையும் கவனியுங்கள். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கவேண்டும் என்பது விதி. ஈரம் குடித்தபின் அந்த எல்லை 140. மூடுபனியும் மழையுமான நம் பக்கத்தில் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வீண்செலவில்லை.

டிக்கோயா, ஹட்டன் என்று பக்கத்து டவுனுக்கு மட்டும் காரை எடுப்பவருக்கு டிஸ்க் வேண்டியதில்லை. நல்ல லைனர், கசிவில்லாத வீல் சிலிண்டர், புது ஹோஸ், சரியான அட்ஜஸ்மென்ட் போதும். குடும்பத்தோடு அடிக்கடி கினிகத்தேனை இறங்குபவர் தாராளமாக மாற்றலாம். மாற்றிய பிறகு காப்புறுதிக் கம்பனிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முதல் ஓட்டத்தை ஆள் ஏற்றாமல், மட்டமான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி இறங்கி, நாலு சில்லின் சூட்டையும் தொடாமல் கிட்டக் கைபிடித்துப் பாருங்கள்.