வேண்டாம் என்று சொல்லும் உரிமை

திருவரங்குளம் ஒன்றியத்தில் இருக்கிறது நெடுவாசல் கிராமம். 2017-ல் அங்கே நிலத்தடி எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டம் வரப்போகிறது என்றார்கள். விளைநிலம் கெட்டுவிடும் என்று பயந்த மக்கள், திரண்டு உட்கார்ந்து 'வேண்டாம்' என்றார்கள். 2020-ல், இப்படிப்பட்ட புதிய திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அந்த மண்டலத்தில் திருவரங்குளம் ஒன்றியமும் இருக்கிறது.

வேண்டாம் என்பது பகை இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது. 'எனக்கு இஷ்டமில்லை' என்கிறாள் பெண். அவள் வீட்டுக்கு எதிரியா? இல்லையே! தன் வாழ்க்கையைப் பற்றித்தானே பேசுகிறாள்?

ஊரிலும் அப்படித்தான். உங்கள் கிராம ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், நீங்களும் கிராம சபை உறுப்பினர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். வேண்டும் என்றாலும் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து சொல்பவரையும் பேச விடுங்கள். சுதந்திரம் என்பது அதுதான்.