முதல் வாடகை வீட்டுக்குப் போகுமுன்



கனடாவுக்கு வந்திறங்கும் நம்மவர்களில் பலருக்கு முதல் சில கிழமைகள் ஓர் உறவினர் வீட்டு வரவேற்பறையில்தான் கழிகின்றன. பிறகு ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு பேஸ்மென்ட் வீடு தேடத் தொடங்குவார்கள். கையில் காசு குறைவு, ஊர்ச் சட்டம் தெரியாது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறதே என்ற அவசரம் வேறு. இந்த நேரத்தில்தான் ஆட்கள் நட்டப்படுகிறார்கள். வாடகைக்கு இருப்பவரைக் காக்க ஒன்ராறியோ மாகாணத்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதை நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் இன்று பேசுகிறேன்.

"உங்களுக்கு இங்கே கிறெடிட் இல்லை, ஆறு மாத வாடகையை முன்னாலேயே தாங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. வீட்டுக்காரர் கேட்கக்கூடிய முற்பணம் ஒரு மாத வாடகை மட்டுமே. அதுவும் நீங்கள் வெளிக்கிடும் கடைசி மாதத்துக்குக் கழிக்கப்பட வேண்டிய காசு. அதற்கு ஆண்டுதோறும் வட்டியும் தர வேண்டும். சுவர் பழுதானால் என்று தனியாக ஒரு தொகை வாங்க முடியாது. பின்திகதியிட்ட காசோலைகள் தந்தால்தான் வீடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. புதிதாக வந்தவரிடம் கிறெடிட் வரலாறு இல்லாததை ஒரு குறையாகக் கொள்ளக்கூடாது என்பது ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு. வேலைக் கடிதமோ, பொறுப்பு நிற்க ஓர் ஆளோ கேட்கலாம். அது நியாயம்.

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வீட்டுக்காரரோ அவருடைய கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோரோ அதே வீட்டில் குடியிருந்து, அவர்களுடன் நீங்கள் குசினியையோ குளியலறையையோ பகிர வேண்டியிருந்தால், இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. முற்பண வரம்பு, வெளியேறச் சொல்வதற்கான அறிவித்தல் காலம் எல்லாமே போய்விடும். அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ஐம்பது, நூறு டொலர் கூடினாலும், முடிந்தால் தனிக் குசினியும் தனிக் குளியலறையும் உள்ள இடத்தையே எடுங்கள். அந்தக் கூடுதல் காசு சட்டத்தின் காப்புக்கான விலை என்றுதான் நான் கருதுகிறேன்.

அடுத்தது எழுத்து ஒப்பந்தம். "சொந்தக்காரற்ற வீடு, பேப்பர் கேட்டால் என்ன நினைப்பினம்?" என்ற கூச்சம் நம்மிடம் நிறைய உண்டு. ஆபத்தில் கைகொடுத்தவரிடம் ஒப்பந்தம் கேட்பது யாருக்கும் சங்கடம்தான். ஆனாலும் கேளுங்கள். நாளைக்கு மனஸ்தாபம் வரும்போது, யார் என்ன சொன்னார் என்று சண்டை பிடிக்காமல் உறவைக் காப்பாற்றப்போவதும் அந்தக் கடதாசிதான். 2018 ஏப்ரல் 30 முதல் பெரும்பாலான வாடகை வீடுகளுக்கு மாகாண அரசின் பொது ஒப்பந்தப் படிவம் கட்டாயம். அது இல்லாமல் குடியேறியிருந்தால் எழுத்தில் கேளுங்கள். 21 நாட்களுக்குள் தர வேண்டும். வாய்ப்பேச்சில் குடியேறியவரையும் சட்டம் காக்கும். ஆனால் வாடகையைக் காசாகக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்காதவர், கொடுத்ததை எதைக் காட்டி நிரூபிப்பார்? கேட்டால் இலவசமாகப் பற்றுச்சீட்டு தருவது வீட்டுக்காரரின் கடமை.

"வீட்டை விக்கப்போறம், மாதக் கடைசியில வெளிக்கிடுங்கோ" என்றால் பதறிப் பெட்டி கட்டாதீர்கள். வீடு விற்கப்படுவதால் மட்டும் உங்கள் குடியிருப்பு முடிந்துவிடாது. வாங்குபவர் தானே குடியிருக்கப்போகிறார் என்றாலும் குறைந்தது 60 நாள் எழுத்து அறிவித்தல் வேண்டும். நீங்கள் போக மறுத்தால், வீட்டுக்காரர், வாடகைப் பிணக்குகளைத் தீர்க்கும் வாடகை நடுவர் சபையின் ஆணையைப் பெற வேண்டும். அந்த ஆணையை நிறைவேற்றுபவரும் நீதிமன்றத்தின் ஷெரிப் அலுவலர்தான். பூட்டை மாற்றி உங்களை வெளியே நிறுத்துவது சட்டவிரோதம்.

வாடகையை 12 மாதத்துக்கு ஒரு தடவைதான் கூட்டலாம், அதற்கும் 90 நாள் முன்னறிவித்தல் தேவை. 2025இல் உச்ச வரம்பு நூற்றுக்கு 2.5 ஆக இருந்தது. ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய புதுக் குடியிருப்புகளுக்கு அந்த வரம்பு இல்லை. அண்மையில் கட்டிய பேஸ்மென்ட் என்றால் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே கையெழுத்து வையுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது, தீப்பிடித்தால் எந்த வழியால் வெளியேறலாம் என்று பாருங்கள். புகை எச்சரிக்கைக் கருவியும் காபன் மொனொக்சைட் கருவியும் வேலை செய்கின்றனவா என்று அழுத்திப் பாருங்கள். குழந்தை இருக்கும் வீட்டில் இதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். வெப்பமூட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது என்றால், ரொறன்ரோவில் குளிர்காலத்தில் அவர் குறைந்தது 21 பாகை வெப்பம் தர வேண்டும். தராவிட்டால் 311ஐ அழைத்து முறையிடலாம். இலவச சட்ட உதவி நிலையம் எங்கே இருக்கிறது என்று அறிய 211ஐ அழையுங்கள். தமிழில் பேச வேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருவார்கள்.