மஞ்சள் விளக்கு எரிந்தால்



நம் வகுப்பில் டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் படிக்கிறார். போன மாதம் அவர் காரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒரு பட்டறையில், "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது. மாற்ற வேண்டும்" என்றார்கள். அண்ணன் தலையாட்டவில்லை. சோதனைக் கருவியைக் காட்டச் சொன்னார். எழுத்துக் கூட்டித் தானே படித்தார். பி0135 என்று இருந்தது. அதைத் தாளில் எழுதி என்னிடம் கொண்டுவந்தார். நான் பத்தாவது முடித்துப் பட்டறையில் வேலை பார்த்தவன்.

சென்சார் சைலன்சர் குழாயில் இருக்கிறது. புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிறது. சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது வேலை செய்யும். சீக்கிரம் சூடாக்க உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு. பி0135 என்றால் அந்த ஹீட்டருக்குப் போகும் மின்சார வழியில் கோளாறு. ஹீட்டரேதான் கெட்டது என்று அர்த்தம் இல்லை.

எஞ்சின் ஆறியபின் சென்சார் பிளக்கைக் கழற்றினோம். நான்கு ஒயர். ஒரே நிறத்தில் இரண்டு. பெரும்பாலும் அவைதான் ஹீட்டர் ஒயர்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, சென்சார் பக்கம் அந்த இரண்டையும் தொட்டோம். சில ஓம் காட்டியது. ஹீட்டர் கம்பி அறவில்லை! அறுந்திருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது. அப்போது சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து, சாவியைத் திருப்பி வண்டிப் பக்கப் பிளக்கைப் பார்த்தோம். 12 வோல்ட் வரவேண்டும். வரவில்லை. பியூஸ் போயிருந்தது. ஏன் போனது? ஒயர் சூடான குழாயில் பட்டு உருகியிருந்தது. அதைச் சரி செய்யாமல் பியூஸை மட்டும் போட்டால் மறுபடி போகும். ஒயரைச் சரிசெய்து, குழாயை விட்டுத் தள்ளிக் கட்டினோம். அதே ஆம்பியர் பியூஸ் போட்டோம்.

சென்சார் பழையதுதான். இன்றும் ஓடுகிறது.