இரத்தத்திற்கு ஈடு உண்டா?



விபத்திலோ பிரசவத்திலோ இரத்தம் மிகுதியாக வெளியேறினால் உயிர் ஊசலாடுவது ஏன்? உறுப்புகளுக்குப் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் செவ்வணுக்கள் குறைந்துவிடுவதும் ஒரு காரணம். உப்புநீரைச் செலுத்தி இரத்தக் குழாய்களை நிரப்பலாம். ஆனால் அது போதிய பிராணவாயுவைச் சுமக்காது. ஆகவே, அப்பணியைச் செய்யவல்ல செயற்கை இரத்தத்தை விஞ்ஞானிகள் நெடுங்காலமாகத் தேடி வருகிறார்கள்.

அது கிடைத்தால் இரத்தப் பிரிவு பார்க்க வேண்டியதில்லை. இதன் அருமையை நம் நாடு நன்கறியும். 1952-இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடைய துணைவர்களும் ஓர் அரிய பிரிவைக் கண்டறிந்தனர். ‘பம்பாய் இரத்தம்’ எனப்பெறும் அப்பிரிவினருக்கு ‘ஓ’ பிரிவு இரத்தமும் ஒவ்வாது. தம் பிரிவினரின் இரத்தமே வேண்டும். இந்தியாவில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவரே அப்பிரிவினர்.

தேடல் எவ்வளவு தூரம் வந்துள்ளது? 1966-இல் அமெரிக்க விஞ்ஞானி லீலண்ட் கிளார்க், புளோரின் சேர்ந்த ஒரு திரவத்தில் சுண்டெலியை மூழ்கச் செய்தார். திரவத்தில் கரைந்திருந்த பிராணவாயுவைச் சுவாசித்து அது பிழைத்திருந்தது. அவ்வகைத் திரவத்தால் ஆன ‘ஃப்ளூசால்’ மருந்துக்கு 1989-இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. 1994-இல் அதன் தயாரிப்பு நின்றுபோயிற்று.

செவ்வணுவிலுள்ள ஹீமோகுளோபினைப் பிரித்துச் செலுத்தும் முறையும் உண்டு. ஆனால் அணுவின் உறையை விட்டு வெளிவந்த ஹீமோகுளோபின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. பல சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அதனால் மாரடைப்பும் மரணமும் மிகுவதைக் காட்டிற்று. 2022-இல் இங்கிலாந்தில், பரிசோதனைச்சாலையில் வளர்த்த செவ்வணுக்கள் மனிதருக்குச் செலுத்தப்பட்டன. அளவோ ஓரிரு தேக்கரண்டிதான். அவற்றை வளர்க்க உதவியதும் ஒருவர் தானமாக அளித்த இரத்தமே.

ஆகவே, இன்றும் மனிதர் அளிக்கும் இரத்தத்திற்கு ஈடு இல்லை. சொந்த ஊரில் ஆபத்து நேர்ந்தால் அண்ணன் தம்பி ஓடி வருவர். பெங்களூர்த் தொம்மலூரிலோ, மும்பைத் தாராவியிலோ, தில்லிக் கரோல் பாக்கிலோ வாழும் நமக்கு, முகமறியாத ஒருவர் முன்னரே அளித்துவைத்த இரத்தமே துணை. அவர் பேசும் மொழி கன்னடமாகவோ மராத்தியாகவோ இருக்கலாம். அவர் வீட்டாருக்கு நாமும் அவ்வாறே உதவ வேண்டாமா?

குளிரில் வைத்தாலும் செவ்வணுக்களை ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு மேல் காக்க இயலாது. ஆதலின் கொடை தொடர்ந்து வருதல் வேண்டும். 18 வயது நிரம்பிய, உடல்நலமுள்ள ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் இரத்தம் அளிக்கலாம்.

தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலின் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் அக்காலக் கொடைகளைக் கூறுகின்றன. இக்காலத்தில், வாழும் ஊருக்கு நாம் அளிக்கக்கூடிய கொடை இரத்ததானமே. அடுத்த முகாமில் உங்கள் பெயரையும் பதிவு செய்யுங்கள்.