ஒளிந்து விளையாடும் பழுது

கரும்பலகையோடு காலம் கழித்த கிழவன் லாரியைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். பாலக்கோட்டில் வாழ்பவனுக்குத் தக்காளியையும் லாரியையும் விட்டால் வேறு பேச்சு ஏது?

என்னிடம் பயின்ற ஒருவர் பழைய டீசல் லாரி ஒன்றை ஓட்டிப் பிழைக்கிறார். சில வேளைகளில் அதில் கியர் விழ மறுக்கும், பற்சக்கரங்கள் உறுமும். பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாலோ பசுவைப்போல் சாதுவாகிவிடும். கியர்ப்பெட்டியைப் பிரித்தாக வேண்டும் என்றார்கள். அது அவருக்கு ஒரு பருவத்து வருமானம்! விட்டுவிடவும் இயலாது. சேலம் செல்லும் வழியில் தொப்பூர்க் கணவாய் இறங்குகையில் கீழ்க்கியர் விழாவிடின் எஞ்சினின் பிடிப்பு அற்றுப்போகும். சுமை முழுதும் பிரேக்கின்மேல் விழும். சூடேறிய பிரேக் வலுவிழக்கும். அச்சரிவு கொண்ட உயிர்களை நம் மாவட்டத்தார் அறிவர்.

"காரணம் தெரியும்வரை கணவாய்ப் பக்கம் போகாதே, பழுது தோன்றும்போதெல்லாம் குறித்து வை" என்று ஒரு நோட்டைக் கொடுத்தேன். பத்து நாளில் விடை அதிலேயே இருந்தது. காலைக் குளிர்ச்சியில் பழுது இல்லை. வண்டி சூடேறிய பின்பே உண்டு. எல்லாக் கியரிலும் உண்டு, ரிவர்ஸில் மிகுதி. பெடலை இருமுறை விரைந்து மிதித்தால் கியர் விழுகிறது.

ஒரு பல் தேய்ந்திருந்தால் ஒரு கியரிலன்றோ தொல்லை இருக்கும்? ஆகவே கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை என ஐயுற்றோம். அடைபட்ட திரவம் அழுத்தத்தை எங்கும் கடத்தும் என்ற பாஸ்கல் விதியை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கிளட்சும் அவ்விதிப்படியே இயங்குகிறது. எஞ்சினை நிறுத்திப் பெடலை மெல்ல அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். அது சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. காற்றுப் புகுந்திருந்தால் பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும், அப்படியில்லை. வெளியே கசிவில்லை, கலத்தில் எண்ணெயும் குறையவில்லை. ஆதலால் கசிவு மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே இருந்தது. தேய்ந்த ரப்பர் வளையத்தைத் தாண்டி எண்ணெய் திரும்பிக்கொண்டிருந்தது. சூட்டில் எண்ணெய் இளகுவதால் கசிவு மிகும். விரைந்து மிதித்தால் வளையம் சற்றே இறுகிப் பிடிக்கும். பட்டறையில் ஆறிய வண்டி நல்ல பிள்ளையாக நின்றது இதனால்தான்.

ரப்பரை மாற்றிக் காற்றை வெளியேற்றினார்கள். கியர்ப்பெட்டியை யாரும் தொடவில்லை. தானே கியர் மாற்றும் வண்டிகளிலும் எண்ணெயின் அழுத்தமே வேலை செய்வதால், அங்கும் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் முதலில் பார்ப்பதே முறை.

அவர் இப்பொழுதும் அந்த நோட்டை எழுதி வருகிறார். எழுத்துப்பிழைகள் மிகுதி, நான் திருத்துவதில்லை.