இரு கணினிகளும் ஒரு கோப்பும்

ஒரே அறையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று லினக்ஸ் முறையில் இயங்குவது; மற்றொன்று விண்டோஸ் முறையில் இயங்குவது. இரண்டும் ஒரே வலையமைப்பில் பிணைக்கப்பட்டுள்ளன. ஆயினும் லினக்ஸ் கணினியில் உள்ள கோப்பு விண்டோஸ் கணினியிலிருந்து திறக்க மறுக்கிறது. இந்நிலையில் நாம் செய்யத் தக்கது யாது, செய்யத் தகாதது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையைக் கையாளுகின்றன. அதனை லினக்ஸ் கணினிக்குப் பயிற்றுவிப்பது சாம்பா என்னும் மென்பொருள். ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-இல் தொடங்கிய முயற்சி இது. எஸ், எம், பி ஆகிய எழுத்துக்கள் முறையே அமைந்த சொல்லை ஆங்கிலச் சொற்பட்டியலில் தேடியே அவர் இப்பெயரைக் கண்டெடுத்தார்.

குறையைத் தேடுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலாவதாக, 'பிங்' கட்டளையால் லினக்ஸ் கணினியின் எண்முகவரி விடை தருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதாக, வலையமைப்புப் பட்டியலில் அதன் பெயர் தோன்றவில்லையே என்று மனந்தளர வேண்டுவதில்லை. பட்டியலில் காட்டுவது ஒரு பணி. கோப்பைத் தருவது வேறொரு பணி. எண்முகவரியையும் பகிர்ந்த கோப்புறையின் பெயரையும் நேரே தட்டெழுதினால் பெரும்பாலும் கதவு திறந்துவிடும். அதுவும் பயன்படாவிடில், லினக்ஸ் கணினியின் ஃபயர்வால் 445 என்னும் எண்ணுடைய வாயிலை அடைத்திருக்கிறதா என்று நோக்குக.

கடவுச்சொல் கேட்கும் வரை வந்துவிட்டோமானால், பாதை சரியாகவே இருக்கிறது. இனி அடையாளத்தைப் பற்றியதே வழக்கு. சாம்பா தனக்கெனத் தனிக் கடவுச்சொற் பதிவை வைத்திருக்கிறது. லினக்ஸில் நுழையும் கடவுச்சொல் மட்டும் போதாது. பயனரைச் சாம்பாவிலும் பதிவு செய்தல் வேண்டும். கோப்பைப் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால், பூட்டுகள் இரண்டு என்பதை நினைவிற் கொள்க. சாம்பாவின் அனுமதியும் லினக்ஸ் கோப்புறையின் அனுமதியும் ஒருங்கே இருந்தாலன்றி எழுத இயலாது.

இனி, செய்யத் தகாததைக் கூறுவோம். எஸ்.எம்.பி.யின் முதற் பதிப்பு மிகப் பழையது. விண்டோஸ் 2017 முதலும், சாம்பா 2019 முதலும் இயல்பான அமைப்பில் அதனை ஒதுக்கத் தொடங்கின. பழைய கணினியொன்று புதியதோடு பேச மறுக்கையில், அம்முதற் பதிப்பை மீண்டும் உயிர்ப்பிக்குமாறு சிலர் யோசனை கூறுவதுண்டு. வேலை உடனே நடக்கும். ஆனால் விளைவு என்ன? 2017 மே 12-ஆம் நாள் 'வானாக்ரை' என்னும் தீநிரல் அப்பதிப்பைக் கையாண்ட விண்டோஸின் பிழை வழியே உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் நோயாளிகளின் சந்திப்புகளும் அறுவைச் சிகிச்சைகளும் தடைப்பட்டன. அப்பிழைக்குரிய திருத்தமோ இரண்டு திங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே, வெளிவந்திருந்தது!

ஆகவே, புதியதைப் பழமைக்கு இறக்குவதினும் பழையதைப் புதுப்பிப்பதே முறை. அது இயலாதாயின், கோப்பை வேறொரு கருவியில் ஏற்றிக் கைப்பட எடுத்துச் செல்வதில் இழுக்கொன்றுமில்லை. ஒரு கோப்பிற்காக வீட்டின் கதவையே கழற்றி வைப்பார் உண்டோ?